தறிக்காரர்களிடம் விற்ற புத்தகம்: ஒரு முதல் பதிப்பின் கணக்கு

அச்சடித்த 500 பிரதிகளில் இப்போது வீட்டில் இருப்பது 14, கடைகளில் இருப்பது 19. போட்ட பணம் திரும்பிவிட்டது, மேலே கொஞ்சம் நிற்கிறது. சொந்தக் காசில் முதல் புத்தகம் போட்டவர்களுக்குத் தெரியும், கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாகக் கிடப்பதுதான் வழக்கம். எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை வரிசையாக எழுதி வைக்கிறேன். நான் தறி நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லில் கணக்கு எழுதுகிறவன். அதனால் இதில் தொகை அதிகமாகவும் இலக்கியம் குறைவாகவும் இருக்கும். புத்தகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இதுவே விளம்பரமாகிவிடும். பல்லடம், சோமனூர், மங்கலம் பக்கத்து விசைத்தறிப் பட்டறைகளைப் பற்றிய கட்டுரைகள் என்பது தெரிந்தால் போதும்.

கட்டுரைகளில் பாதி பழைய அலுவலகக் கணினியில் வானவில் என்ற பழைய வகை எழுத்துருவில் கிடந்தன. மீதி கைப்பேசியில் யூனிகோடில் தட்டியவை. பழையவற்றை என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற மென்பொருளில் போட்டு யூனிகோடுக்கு மாற்றினேன். எழுத்துகள் சரியாக வந்தன. மேற்கோள் குறிகளும் இணைப்புக் கோடுகளும்தான் வேறு என்னவோ ஆகிவிட்டன. அவற்றைத் தேடி மாற்றும்போது ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவது நல்லது. அவசரப்பட்டால் நல்லா இருக்கிற இடத்திலும் கை வைத்துவிடும்.

பிழை பார்க்க முதலில் வாணி, பிறகு சந்திப் பிழைக்கு நாவி. இரண்டும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிழைதிருத்திகள். பாவு, ஊடை, தார் என்று தறிச் சொல் நிறைந்த எழுத்தில் வாணி பக்கம் முழுக்கச் சிவப்புக்கோடு போடும், அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. இதற்கு மேலும் ஒரு மனிதக் கண் வேண்டும் என்று ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரிடம் கொடுத்தேன், பக்கத்துக்கு ₹25. மொத்தச் செலவிலேயே நான் யோசிக்காமல் கொடுத்த பணம் இதுதான். ஒற்றுப்பிழையை விடுங்கள், ஒரே ஆள் முதல் கட்டுரையில் மேஸ்திரியாகவும் ஒன்பதாவது கட்டுரையில் கூலித் தறிக்காரராகவும் இருந்ததை அக்காதான் பிடித்தார். “தம்பி, இவரு ஒருத்தரா ரெண்டு பேரா?”

பட்டறையில் நாள் முழுக்க ரேடியோ பாடும் என்பதால் ஒவ்வொரு கட்டுரைக்கும் தலையில் ஒரு சினிமாப் பாட்டு வரி வைத்திருந்தேன். அச்சுக்கு முன்னால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. அனுமதி வாங்க யாரிடம் போவது என்று கண்டுபிடிப்பதற்குள் புத்தகம் பழசாகிவிடும். வரிகள் போன பிறகு கட்டுரைகள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பக்க வடிவமைப்பை நண்பரின் கணினியில் இன்டிசைனில் நானே செய்தேன். யூனிகோடுத் தமிழை அதில் ஒட்டியதும் ‘கொ’வின் கொம்பு ஓரிடத்திலும் கால் ஓரிடத்திலுமாகச் சிதறி நின்றது. எழுத்துருவைத்தான் குறை என்று நினைத்து எழுத்துருவாக மாற்றிக்கொண்டிருந்தேன். குறை அங்கே இல்லை. பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்று ஒன்று இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடுகிறது. புது ஆவணம் தொடங்கும்போதே அதைப் பத்திப் பாணியில் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. எழுத்துரு, தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தரும் டி.ஏ.யு. வரிசையில் ஒன்று. கூகுளின் நோட்டோ செரிஃப் தமிழும் போட்டுப் பார்த்தேன்; என் கண்ணுக்கு அது கொஞ்சம் அகலம்.

அளவு டெம்மி 1/8. வெட்டிய பிறகு 14 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். இரண்டு பக்கமும் சமமாக வரியை நிரப்பியபோது தமிழின் நீளச் சொற்களால் வரிகள் பல் போன வாய்போல நின்றன. வரி அகலத்தை 104 மில்லிமீட்டரிலிருந்து 107 ஆக்கியதும், நீளமான சொற்களை அங்கங்கே கையால் உடைத்ததும் உதவின. ஒரு முழு வாரயிறுதி இதற்கே போனது, ஆனால் வாசிக்கிறவர் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போவதற்குத்தான் இத்தனை பாடும்.

இனி எடை. இதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வடிவமைப்பு 12.5 பாயின்ட் எழுத்தில் 272 பக்கம் வந்தது. 80 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ தாளில் அடிக்கலாம் என்று ஆசை. ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் கிராம் எடை என்பதால், அச்சடிக்காமலேயே புத்தகத்தின் எடையைக் கணக்குப்போட்டுவிடலாம். 272 பக்கம் என்றால் 136 தாள். ஒரு தாளின் பரப்பு 0.14 × 0.215, அதாவது 0.0301 சதுர மீட்டர். 136 × 0.0301 × 80 போட்டால் 327 கிராம். 300 ஜி.எஸ்.எம். அட்டைக்கு இன்னும் ஒரு 19. ஆக 346 கிராம், உறை இல்லாமல்.

அஞ்சல் துறை 2025 மே 1 முதல் ‘ஞான் போஸ்ட்’ என்று புத்தகங்களுக்குத் தனிச் சேவை தொடங்கியிருக்கிறது. 300 கிராம் வரை ₹20, அதிகபட்சம் 5 கிலோவுக்கு ₹100, வரி தனி. தரைவழியாகத்தான் போகும், ஆனால் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். புத்தகத்தில் அச்சகத்தார் பெயரோ பதிப்பாளர் பெயரோ இருக்க வேண்டும். தனியார் கூரியரில் எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு ₹60 கேட்டார்கள். ₹230 புத்தகத்தில் ₹60 தபாலுக்குப் போனால் எழுதியவனுக்கு என்ன மிஞ்சும்? எனவே உறையோடு 300 கிராமுக்குள் புத்தகத்தை அடக்குவது என்று முடிவுசெய்தேன்.

எழுத்தை 11 பாயின்ட், வரி இடைவெளி 16 ஆக்கியதும் 211 பக்கத்தில் வந்து நின்றது. சிவகாசி அச்சகத்துக்காரரிடம் தொலைபேசியில் சொன்னதும் சிரித்தார். “அண்ணாச்சி, பாரம் முழுசா வர்ற மாதிரி பாத்துக்கோங்க. மூணு பக்கம் மிஞ்சினாலும் ஒரு பாரக் காசுதான்.” ஒரு பாரம் 16 பக்கம். 13 பாரத்துக்கு 208. நன்றியுரையைச் சுருக்கி, ஒரு புகைப்படத்தைத் தூக்கி 208இல் நிறுத்தினேன். 70 ஜி.எஸ்.எம்.மில் கணக்குப்படி 238 கிராம்; அச்சாகி வந்த பிறகு மளிகைக் கடைத் தராசில் 241.

500ஐயும் நேரே ஆஃப்செட் அச்சுக்குக் கொடுக்காமல், கோவையில் டிஜிட்டல் அச்சில் 30 பிரதி எடுத்துப் பார்த்தேன், ஒன்று ₹130. இது வீண் செலவு என்று வீட்டில் சொன்னார்கள். இந்த 30 இல்லாவிட்டால் 500உம் பாழாகியிருக்கும். உள் ஓரம் 14 மி.மீ. விட்டிருந்தேன், பசை போட்டு ஒட்டும் பைண்டிங்கில் வரியின் முனைகள் முதுகுக்குள் போய்ப் புதைந்துகொண்டன. 19 மி.மீ. ஆக்கினேன், வெளி ஓரத்தைக் குறைத்துக்கொண்டேன். புகைப்படங்களும் கறுத்துவிட்டன. பட்டறை உள்ளே எப்போதும் இருட்டு. மேப்லித்தோ மையை உறிஞ்சிப் பரப்பும். இரண்டும் சேர்ந்தால் தறி எது, தறிக்காரர் எது என்று தெரியாது. கணினித் திரையில் வெளுத்துப்போனதாகத் தெரியும் அளவுக்கு நடுநிறங்களை ஏற்றினால் அச்சில் சரியாக வருகிறது. அட்டையிலும் திரையில் பளிச்சென்று இருந்த பச்சை, அச்சு மைகளுக்கான சி.எம்.ஒய்.கே. நிறமுறைக்கு மாறியதும் பாசி நிறமாகிவிட்டது. வடிவமைத்தவரிடம் (₹4,000) சொல்லி, அந்தப் பச்சையை விட்டுவிட்டு மஞ்சளுக்குப் போனோம்.

அட்டையின் முதுகு அகலத்தில் மட்டும் இந்த 30 என்னை ஏமாற்றியது. டிஜிட்டல் பிரதியை வெர்னியரில் அளந்தேன், 11.5 மி.மீ. அதையே அட்டைக்குக் கொடுத்தேன். ஆனால் டிஜிட்டல்காரர் போட்டது 80 ஜி.எஸ்.எம். தாள். ஆஃப்செட்டில் 70 என்பதால் முதுகு 10 மி.மீ.தான் வந்தது. ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில் முதுகில் உள்ள தலைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது, 500 பிரதியிலும். அச்சகத்தில் அதே தாளில் வெற்று டம்மி கட்டித் தரச் சொல்லி, அதை அளந்த பிறகே அட்டையை இறுதிசெய்ய வேண்டும். கேட்டால் தருகிறார்கள்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் விண்ணப்பித்தால் இலவசம். தனி எழுத்தாளர் தன் பெயரிலேயே பதிப்பாளராக விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, தலைப்புப் பக்கம் போன்றவற்றை ஏற்ற வேண்டும். சில வாரம் ஆகும், அதனால் பிழைதிருத்தம் நடக்கும்போதே போட்டுவிட வேண்டும். அச்சுப் புத்தகத்துக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறொன்று.

2025 ஏப்ரலில் கொண்டுவருவதாக இருந்தேன். மார்ச்சில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலி விசைத்தறி உரிமையாளர்கள் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் பட்டறைகள் ஓடவில்லை. தறி நிற்கும்போது தறியைப் பற்றி ஒருவன் ₹230க்குப் புத்தகம் விற்க வருவது எனக்கே பிடிக்கவில்லை. ஜூலைக்குத் தள்ளினேன்.

தள்ளியதில் ஒரு நன்மை, முன்பதிவுக்கு நேரம் கிடைத்தது. தபால் செலவு உட்பட ₹200 என்று அறிவித்து 90 பேரிடம் ₹18,000 முன்கூட்டியே வந்தது. அச்சகத்தில் பாதி முன்பணம் கேட்பார்கள். அது அப்படியே போனது. அச்சுச் செலவு இப்படி: காகிதம் 14 ரீம், ரீம் சுமார் ₹900. அச்சுத் தட்டும் ஓட்டுக்கூலியும் பாரத்துக்கு ₹700. பைண்டிங் ஒன்றுக்கு ₹9. அட்டை நான்கு வண்ணம், பளபளப்பில்லாத மேட் லேமினேஷன். எல்லாம் சேர்த்து, வரியோடு ₹36,400. பிரதிக்கு ₹73க்குச் சற்றுக் குறைவு. அச்சடித்த புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்றாலும் அச்சகத்துக்காரரின் பில்லில் உண்டு. நம் விற்பனைக்கு வரி இல்லாததால் அங்கே கட்டியதைத் திரும்பப் பெற வழியில்லை. அடக்கவிலையில் சேர வேண்டியதுதான். சிவகாசியிலிருந்து லாரி பார்சல் ₹850.

புத்தகம் வந்து இறங்கிய பிறகுதான் 90க்கு மேல் இருப்பதை யாரிடம் விற்பது என்று உட்கார்ந்து யோசித்தேன். வரிசை தலைகீழ் என்று இப்போது தெரிகிறது. எழுத்தின் அளவு, லேமினேஷன், விலை எல்லாமே வாங்குகிறவரைப் பொறுத்த விஷயங்கள். அவர் யார் என்று தெரியாமலே எல்லாவற்றையும் முடித்திருந்தேன்.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். புத்தகக் கடைகளுக்கு 60 பிரதி, விற்ற பிறகு பணம், 40 சதவீதக் கழிவு. விற்றது 23. திரும்பி வந்தது 18, அதில் பாதிக்கு மூலை மடங்கியிருந்தது. விற்றதில் 15க்குத்தான் பணம் வந்திருக்கிறது. கடைக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பெயர் தெரியாத எழுத்தாளனின் புத்தகம் அலமாரியில் முதுகைக் காட்டி நின்றால், அதுவும் முதுகெழுத்து ஒதுங்கி நின்றால், யார் எடுப்பார்கள்? சமூக வலைத்தளத்தில் ₹1,500க்கு விளம்பரம் கொடுத்தேன். விருப்பக்குறிகள் நிறைய விழுந்தன. ஆர்டர் என்று வந்ததை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மதிப்புரைக்கு அனுப்பியவற்றில் சிலதுக்கு நல்ல வார்த்தை வந்தது. அதனால் விற்றதா என்று கணக்கில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திருப்பம் ஒரு தறி உதிரிபாகக் கடையில் வந்தது. நாடா, பிக்கர், பெல்ட் விற்கும் கடை. மில் விஷயமாகப் போனபோது பையில் இருந்த பிரதியை எடுத்துக் காட்டினேன். கடைக்காரர் நின்றபடியே ரெண்டு பக்கம் படித்தார். “ஏனுங்க, ஒரு பத்து வெச்சுட்டுப் போங்க. போனாப் போகுது, இல்லீன்னா நானே படிச்சுக்கறேன்.” அடுத்த வாரமே இன்னும் பத்து கேட்டார். அதன் பிறகு பல்லடத்திலிருந்து சோமனூர் வரை உதிரிபாகக் கடைகள், நூல் கடைகள், பட்டறைகளுக்கு நடுவே இருக்கிற டீக்கடைகள் என்று வைத்துக்கொண்டே போனேன். 20 சதவீதம் அவர்களுக்கு. புத்தகக் கடைக்குக் கொடுப்பதில் பாதி. பணம் பெரும்பாலும் அடுத்த நடையிலேயே கைக்கு வந்துவிடும். கல்லாவுக்குப் பக்கத்தில் லேமினேட் செய்த அட்டை ஒன்று, “உங்க தறியப் பத்தின புத்தகம், ₹230” என்று பெரிய எழுத்தில். பக்கத்தில் பாவு நூலில் கட்டித் தொங்கவிட்ட மாதிரிப் பிரதி. இந்த மாதிரிப் பிரதி முக்கியம். அதை வைக்காத கடைகளில் விற்பனை மந்தம்.

148 பிரதிகள் இப்படிப் போயின. வாங்கியவர்கள் தறிக்காரர்கள், மேஸ்திரிகள், அவர்களைவிட அதிகமாகச் சின்னப் பட்டறை முதலாளிகள். “பொண்ணு பெங்களூர்ல இருக்குதுங்க, அனுப்பி வெக்கோணும்” என்று ரெண்டு ரெண்டாக வாங்கியவர்களும் உண்டு. ஆனால் இரண்டு குறைகள் உடனே வெளிப்பட்டன. எண்ணெய்க் கையில் புரட்டினால் மேட் லேமினேஷனில் ரேகை அப்படியே பதிந்து, துடைத்தாலும் போவதில்லை. மாதிரிப் பிரதிகள் ஒரு மாதத்தில் கறுத்துவிட்டன. பளபளப்பான கிளாஸ் லேமினேஷன் போட்டிருந்தால் துணியால் ஒரு துடைப்பு போதும். அடுத்தது, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் 11 பாயின்ட் எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே, எட்டே என்று பிடித்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்கள். தபால் எடைக்காக எழுத்தைச் சுருக்கியது கல்லாப் பக்கத்தில் என் காலை வாரிவிட்டது.

படிக்கச் சிரமப்படுகிறவர்கள் கேட்கட்டும் என்று ஒரு கட்டுரையை வாயால் படித்து வாட்ஸ்அப்பில் விட்டேன். ஆறு நிமிடம். கைப்பேசியில்தான் பதிவு, இரவில், கதவடைத்து, மின்விசிறியை நிறுத்தி. முதல் பதிவு யாரையும் அசைக்கவில்லை. இரண்டாவதில் தொடக்கத்தில் முப்பது வினாடி பட்டறைச் சத்தத்தை வைத்தேன், அப்புறம்தான் பேச்சு. அது தறி உரிமையாளர் குழுக்களில் தானாகவே கைமாறி ஈரோடு, குமாரபாளையம், பள்ளிபாளையம், வெள்ளகோவில் என்று போய்ச் சேர்ந்தது. பதிவின் கீழே என் எண்ணும் விலையும். முன்பதிவுக்குப் பிறகு தபாலில் போன 81 பிரதிகளில் பெரும்பாலானவை இந்தக் குரல் பதிவுகளைக் கேட்டு வந்தவைதான். ஆர்டர் செய்கிறவர்களிடம் எப்படித் தெரியும் என்று கேட்டுக் குறித்துவைத்தேன். இல்லாவிட்டால் விளம்பரத்தால் வந்ததாக நானே நம்பியிருப்பேன்.

உறைக்கு மில்லில் கிடைக்கும் கோன் பெட்டி (நூல் கோன் வரும் பெட்டி) அட்டைதான். புத்தக அளவைவிட ஒரு விரற்கடை பெரிதாக இரண்டு துண்டு, நடுவில் பாலித்தீன் பையில் புத்தகம், மேலே பழுப்புக் காகிதம். அட்டைத் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் அடி அதன்மேல் விழும், புத்தகத்தின் மூலை தப்பும். உறை எடை 22 கிராம், மொத்தம் 263.

வெளியீட்டு விழா என்று மண்டபம் பிடிக்கவில்லை. மங்கலம் பக்கம் ஒரு பட்டறை வாசலில், தறி ஓடாத ஞாயிற்றுக்கிழமை காலையில். நாற்காலி வாடகை, டீ, போண்டா, ஒலிபெருக்கி எல்லாம் ₹4,300. பொன்னாடை வாங்கவில்லை. புத்தகத்தில் வரும் பெரியவர் ஒருவரே வெளியிட்டார், முதல் பிரதியை அவருடைய பேத்தி வாங்கிக்கொண்டாள். அன்று ₹200 விலையில் 52 பிரதி. ஆகஸ்ட்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவில் தெரிந்த பதிப்பாளர் அரங்கில் ஒரு மூலை கிடைத்தது. 27 போனது, பிரதிக்கு ₹161 கைக்கு வந்தது. மாலை ஆறு மணிக்கு மேல்தான் கூட்டம், அதுவரை நிற்பது வீண்.

மின்னூலை அமேசானின் சுயபதிப்புத் தளமான கே.டி.பி.யில் ஏற்றினேன். தமிழை அது ஏற்கும். இந்திய விற்பனைக்கு 70 சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றால் கே.டி.பி. செலக்ட்டில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாள் மின்வடிவத்தை வேறெங்கும் தரக் கூடாது. அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை. இங்கே நான் கவனித்தது ஒன்றுதான். 70 சதவீதத் திட்டத்தில் கோப்பின் எடைக்கு எம்.பி.க்கு ₹7 விநியோகச் செலவு பிடிப்பார்கள். என் புகைப்படங்களோடு கோப்பு 9 எம்.பி. இருந்தது. ₹99 புத்தகத்தில் ₹63 அங்கேயே போயிருக்கும். படங்களைச் சுருக்கி 1.2 எம்.பி.க்குக் கொண்டுவந்த பிறகே ஏற்றினேன். மாத முடிவிலிருந்து சுமார் 60 நாள் கழித்துத்தான் பணம் வரும். இதுவரை வந்தது ₹2,900. அதைக் கீழே உள்ள கணக்கில் சேர்க்கவில்லை.

இலவசமாகக் கொடுத்தது 46. இதில் மதிப்புரைப் பிரதிகள், புத்தகத்தில் வருகிறவர்களுக்குக் கொடுத்தவை, பிறகு நூலகங்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் நம் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். சிறு பதிப்பாளர்கள் பலர் இதைச் செய்வதில்லை. நான் அனுப்பினேன், நூறு வருஷம் கழித்து யாராவது சோமனூரைப் பற்றித் தேடினால் கன்னிமராவிலாவது இருக்கட்டும். இலவசப் பிரதிகளின் தபாலுக்கு மட்டும் ₹1,300 ஆனது. புத்தகத்தில் வந்தவர்களுக்குக் கொடுத்ததில் வருத்தமில்லை. “எனக்கு ஒண்ணு?” என்று கேட்ட சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தவற்றை இப்போது திருப்பிக் கேட்டால் படிக்காமல் புதிதாகவே கிடைக்கும்.

வரவு: விழாவில் ₹10,400. முன்பதிவும் தபாலும் சேர்த்து ₹36,630. உதிரிபாகக் கடை, டீக்கடை வகையில் ₹27,232. ஈரோட்டில் ₹4,347. புத்தகக் கடைகளிலிருந்து ₹2,070. மொத்தம் ₹80,679.

செலவு: அச்சு 36,400, லாரி 850, டிஜிட்டல் பிரதிகள் 3,900, பிழைதிருத்தம் 5,200, அட்டை வடிவமைப்பு 4,000, தபாலும் உறையும் சுமார் 6,000, விழா 4,300, விளம்பரம் 1,500, இலவசப் பிரதித் தபால் 1,300. மொத்தம் ₹63,450. நிகரம் ₹17,229. பைக் பெட்ரோலையும் என் கூலியையும் எழுதினால் இது எங்கே போகும் என்று தெரியும், அதனால் எழுதவில்லை.

இரண்டாம் பதிப்பு 300 பிரதி போடுகிறேன். புத்தகக் கடைகளுக்குக் கடனில் 60 கொடுக்கப் போவதில்லை; கேட்கிற கடைக்குப் பத்து, பணம் வந்த பிறகு அடுத்த பத்து. விளம்பரக் காசில் பாதியை இன்னும் நாலு கட்டுரையைப் பதிவுசெய்ய நல்ல மைக் வாங்கப் போடுகிறேன். கடைசிப் பக்கத்தில் ஒலிப்பதிவுகளுக்கு ஒரு கியூ.ஆர். குறியீடு. கிளாஸ் லேமினேஷன்.

எழுத்து 12 பாயின்ட். அப்படி வைத்து ஓட்டிப் பார்த்ததில் 240 பக்கம், சரியாக 15 பாரம். 70 ஜி.எஸ்.எம்.மில் தாள் 253 கிராம், அட்டை 19, உறை 22, கணக்கில் 294. போன தடவை தராசில் கணக்கைவிட 3 கிராம் கூடுதலாகத்தான் காட்டியது. அப்படியே வந்தால் 297. அதற்கு மேல் ஏறினால் கோன் அட்டையை ஒரு பக்கம் மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும், அல்லது பின்னிணைப்பிலிருந்து ஒரு பாரத்தைக் கழிக்க வேண்டும். சிவகாசியில் டம்மிக்குச் சொல்லியிருக்கிறேன். அது வந்து தராசில் ஏறிய பிறகுதான் விலையை அச்சிடக் கொடுப்பேன்.